தானே போய்விடும் காய்ச்சலுக்கு மருந்தைச் சோதிப்பது

கடந்த மாதம் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துக்கிடந்த மூன்றாம் நாள், மருந்துப் பரிசோதனைகளில் பங்கேற்பவர்களிடம் கொடுக்கும் அறிகுறிக் குறிப்பேட்டைப் போல ஒன்றை நானும் எழுதிப் பார்த்தேன். இருமல், தொண்டைவலி, மூக்கடைப்பு, தலைவலி, காய்ச்சலும் குளிரும், உடல்வலி, அசதி என்று ஏழு அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும், இல்லையென்றால் 0, கடுமையாக இருந்தால் 3, காலை மாலை இரு வேளையும் மதிப்பெண் இட வேண்டும். இருமலுக்கு 1 போடுவதா 2 போடுவதா என்று பேனாவும் கையுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 2 என்று எழுதி முடித்த பிறகு அரை மணி நேரம் இருமலே வரவில்லை.

இந்தத் தடுமாற்றம் அற்பமானதன்று. ஆரோக்கியமான பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு ஃப்ளூ ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடுகிறது. உயிரிழப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ அவர்களிடம் மிக அரிது என்பதால், மருந்து குணப்படுத்துகிறதா என்று கேட்பதில் பொருளில்லை, எத்தனை மணி நேரம் முன்னதாக எழுந்து உட்கார வைக்கிறது என்றுதான் கேட்க முடியும். அந்த மணிக்கணக்கு முழுவதும் இப்படிப்பட்ட குறிப்பேடுகளிலிருந்துதான் வருகிறது.

ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசெல்டாமிவிர் குறித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாத, 18 முதல் 65 வயதுக்குட்பட்ட 629 பேர், காய்ச்சல் தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் 103.3 மணி நேரமும், வழக்கமான 75 மில்லிகிராம் அளவு பெற்றவர்களுக்கு 71.5 மணி நேரமும் நீடித்தன. பார்வைக்கு நல்ல வித்தியாசம்தான். ஆனால் இந்தக் கணக்கு, ஆய்வகச் சோதனையில் இன்ஃபுளுவென்சா, அதாவது ஃப்ளூ, உறுதியான 374 பேருக்கு மட்டுமே உரியது. மற்றவர்களுக்கு இருந்தது வேறு ஏதோ காய்ச்சல். சோதனை செய்யாமல் மருந்து எழுதித் தரும் மருத்துவரின் முன் அமர்ந்திருப்பவர்களோ அந்த 629 பேரைப் போன்றவர்கள். ஆகவே பயனை யாரை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் கேட்காமல் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு இதே மருந்தைப் பற்றி 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தொற்று உறுதியாகாதவர்களையும் சேர்த்தே கணக்கிட்டது. பெரியவர்களிடம் அறிகுறிகள் தணியும் நேரம் 16.8 மணி, அதாவது 7 நாளிலிருந்து 6.3 நாளாக, குறைந்தது. குமட்டலும் வாந்தியும் கூடின. மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆய்விதழ்களில் வந்த சுருக்கக் கட்டுரைகளை மட்டும் நம்பாமல் முழு அறிக்கைகளையும் வாங்கிப் படித்துச் செய்த வேலை அது. ஓசெல்டாமிவிரை விற்கும் ரோச் நிறுவனத்திடமிருந்து அவற்றைப் பெறுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. என் பார்வையில், எண்களைவிட இந்தப் போராட்டம்தான் அதிகம் கற்றுத்தருகிறது.

ஒரே வேளை விழுங்கினால் போதும் என்ற பலோக்சாவிர் பின்னர் வந்தது. 2018இல் வெளியான ஆய்வில், ஏழு அறிகுறிகளும் 1க்கு மேல் போகாமல் 21.5 மணி நேரம் நீடித்தால்தான் நோய் தணிந்ததாகக் கணக்கு. போலி மாத்திரைக்கு 80.2 மணி, பலோக்சாவிருக்கு 53.7 மணி. ஓசெல்டாமிவிருடன் ஒப்பிட்ட பகுதியில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆனது. ஆயினும் தொற்றக்கூடிய வைரஸ் உடலில் தென்பட்ட காலம் பலோக்சாவிர் பெற்றவர்களிடம் 24 மணி, ஓசெல்டாமிவிர் பெற்றவர்களிடம் 72 மணி. நோயாளி உணரும் நிம்மதி ஒன்றுதான். மூக்கிலும் தொண்டையிலும் நடப்பதோ வேறு. மருந்தின் பிடியிலிருந்து ஓரளவு நழுவும் மாற்றமடைந்த வைரஸ் 9.7 சதவீதம் பேரிடம் தோன்றியதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த வேறுபாடு வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பயன்படுமா என்று பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. நோயாளி பலோக்சாவிர் சாப்பிட்ட வீடுகளில், ஐந்தாம் நாளுக்குள் 9.5 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்ட வீடுகளில் 13.4 சதவீதம் பேருக்கும் தொற்று பரவியிருந்தது. நான் எழுதிய குறிப்பேட்டில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.