பத்து டாலரா, ஐந்து டாலரா?

இருபத்திரண்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் கழித்தவன் நான். எந்தக் கேஸ் கட்டைப் பிரித்தாலும் கண் முதலில் ஃபீஸ் பக்கம்தான் போகும். போன வாரம் 1850ஆம் வருட அமெரிக்கச் சட்டம் ஒன்றைப் படித்தபோதும் அதுவே நடந்தது. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துத் தரச்சொல்லி எஜமான் மனுப்போடுவதற்கான சட்டம் அது. அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரிக்குக் கமிஷனர் என்று பெயர். அவர் எஜமான் பக்கம் தீர்ப்புச் சொன்னால் அவருக்கு 10 டாலர். ஆளை விட்டுவிட்டால் 5 டாலர். கேட்டால், முதல் வகையில் எழுத்து வேலை அதிகமாம்! நான் இப்படி பில் போட்டிருந்தால் என் சீனியர் பேனாவைப் பிடுங்கியிருப்பார்.

அந்தச் சட்டத்தில் சிக்கியவர்களில் ஆண்டனி பர்ன்ஸ் என்னை விடவில்லை. 1854 தொடக்கத்தில், அடிமை முறை இருந்த வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து, அது இல்லாத பாஸ்டனுக்கு வந்தவர். துணிக்கடையில் வேலை. ஊரிலிருந்த சகோதரனுக்குப் போட்ட கடிதம் எஜமான் சார்லஸ் சட்டில் கையில் கிடைத்துவிட்டது. மே 24 இரவு, நகைக்கடைத் திருட்டு என்று பொய் சொல்லிப் பிடித்தார்கள்.

சட்டில் சொந்த ஊர்க் கோர்ட்டில் வாங்கிய ஆவணம் ஒன்றைக் கொண்டுவந்தார். இவர் அடிமை, தப்பி ஓடினார் என்பதற்கு அந்தக் காகிதமே முடிவான சாட்சி. மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: அந்த ஆள் இவர்தானா? அதில் அங்க அடையாளம் எழுதியிருந்தது. கன்னத்தில் தழும்பு, வலது புறங்கையில் தழும்பு. நானும் எத்தனையோ காகிதங்களில் இந்த வரியை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் பர்ன்ஸின் வலது கையில் இருந்தது வெறும் தழும்பா? எலும்பு உடைந்து, வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவருக்காக சார்லஸ் எல்லிஸோடு சேர்ந்து ஆஜரான வக்கீல் ரிச்சர்ட் டேனா இதைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தேதி. மார்ச் 24இல் ஓடினார் என்றது ஆவணம். மார்ச் ஆரம்பத்திலேயே தெற்கு பாஸ்டன் இரும்பாலையில் தன்னோடு ஜன்னல் துடைத்தார் என்றார் ஒரு கறுப்பினத் தொழிலாளி. அதையே சொல்ல வேறு சாட்சிகளும் வந்தார்கள். எங்கள் கோர்ட்டில் இவ்வளவு இருந்தால் கேஸ் அன்றைக்கே ஆட்டம் கண்டிருக்கும்.

கமிஷனர் லோரிங் அதையெல்லாம் ஒதுக்கினார். பிடிபட்ட இரவில், கைகால் உதறும் நிலையில், சட்டிலைப் பார்த்து பர்ன்ஸ் பேசிய வார்த்தைகளை எடுத்துக்கொண்டார். எஜமானை அடையாளம் கண்டுவிட்டாரே, இவர்தான் ஆள் என்றார். பிடிபட்டவரின் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது! தன் பக்கம் பேச வாய் கிடையாது, எஜமான் பக்கம் மட்டும் அந்த வாய் செல்லும். குமாஸ்தாப் புத்தி எனக்கு. அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் படித்தேன்.

ஜூன் 2ஆம் தேதி பட்டாளம் சூழ அவரைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். வழியெங்கும் கறுப்புத் துணி தொங்கியது. மறுவருடம் பாதிரியார் லெனர்ட் கிரைம்ஸ் 1,300 டாலர் கொடுத்து அவரை மீட்டார்.

விடுதலையான பர்ன்ஸ், வர்ஜீனியாவில் தான் இருந்த கிறிஸ்தவச் சபையிடம் விலகல் கடிதம் கேட்டார். எஜமானை விட்டு ஓடிய குற்றத்துக்காக நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. அதற்கு அவர் எழுதிய மறுமொழி இன்றும் கிடைக்கிறது. பிறந்தவுடனேயே என்னைத் திருடிவிட்டார்கள், திருட எவனுக்கும் உரிமை இல்லை என்கிறார். இந்தத் தடவை குறுக்கே கமிஷனர் யாரும் இல்லை.