கடலரையன் கொண்டுவந்த பாட்டு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். திருச்சூரில் பஸ் மாறி, நெரிசலில் ஊர்ந்து, கொடுங்கல்லூர் திருவஞ்சைக்களம் சிவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை அடைத்துவிட்டார்கள். இனி சாயங்காலம்தான்.

"சரி, அதுவரைக்கும் கடலைப் பார்த்துட்டு வரலாம்டா" என்றார் அம்மா.

காரணம் இருக்கிறது. கேரளத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலம் இது ஒன்றுதான். 'தலைக்குத் தலைமாலை' பதிகத்தில் சுந்தரர் 'அலைக்கும் கடலங்கரைமேல் மகோதை' என்று பாடுகிறார். மகோதை என்பது கொடுங்கல்லூர்தான். ஆனால் கோயில் வாசலில் நின்றால் இப்போது அலை கேட்காது, பஸ் ஹாரன்தான்.

ஆட்டோவில் அழீக்கோடு போனோம். பெரியாறு கடலில் சேரும் இடம். எதிர்க்கரை முனம்பம். டீசல் வாடையோடு மீன்பிடிப் படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பின என்று அகநானூறு சொல்லும் முசிறி இந்தப் பக்கம்தான். (கறி என்றால் மிளகு. அம்மா முகம் சுளித்ததால் சொல்கிறேன்.) ஆற்றுக்குத் தெற்கே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியதில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன; மிளகும் கிடைத்தது. 1341 வெள்ளத்தில் துறை மண்மேடிட்டு, வியாபாரம் கொச்சிக்குப் போய்விட்டது என்பார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு சரக்கு. வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் வழியில் சுந்தரர் பாடிய கடைசிப் பதிகத்தைக் கடலரையனான வருணனிடம் ஒப்படைத்தாராம். 'ஆழி கடலரையா அஞ்சையப்பர்க்கு அறிவிப்பதே' என்று முடியும். வருணன் அதைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்த்தான் என்கிறது பெரியபுராணம். பாட்டு வந்து இறங்கிய துறைமுகம் வேறெங்கும் உண்டா?

சாயங்காலம் நடை திறந்தது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மகாதேவர். சுந்தரரும் அவர் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாளும் சிலைகளாகச் சேர்ந்தே இருக்கிறார்கள், அப்படியொரு சிநேகம். அம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். நோட்டைத் திறக்காமலே அந்தக் கடைசிப் பதிகத்தைப் பாடினார். நடுவில் ஒரு வரி தடுமாறியது, மறுபடி எடுத்தார். சந்தனத்தோடு வந்த சாந்திக்காரர் (பூசாரி) பாட்டு முடியும்வரை படியிலேயே நின்றார்.

அம்மாவின் புடவைக் கரையில் அழீக்கோட்டு மணல் ஒட்டியிருந்தது.