பென் டிரைவில் வந்த வினை

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் வைரஸ். டிசைன் பிரிண்ட் எடுக்க ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகியிருக்கிறார்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஃபோல்டர்களைக் காணோம். அதே பெயர்களில், மூலையில் குட்டி அம்புக்குறியோடு ஷார்ட்கட்டுகள் மட்டும்.

"அத்தனை டிசைனும் போச்சா மாப்ள?" மாமாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

போகவில்லை. இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஃபைலை அழிக்காது, ஒளித்துத்தான் வைக்கும். ஷார்ட்கட்டை டெலீட் செய்தால் கண்ணெதிரிலேயே மறுபடி முளைக்கிறது. பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் விடாமல் ஓடுவதுதான் காரணம். என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டபிள்யூஸ்கிரிப்ட்' ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அது விண்டோஸின் சொந்த புரோகிராம்தான், பாவம். வைரஸ் அதன் தோளில் ஏறிச் சவாரி செய்கிறது. முதலில் அதை நிறுத்தி, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடும் ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்த ஸ்கிரிப்டைத் தூக்கினேன். வேரை விட்டு இலையைக் கிள்ளி என்ன பயன்?

அப்புறம் பென் டிரைவையும் செருகி விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் முழு ஸ்கேன், அது முடிந்ததும் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால் வைரஸ் ஒளிய இடமில்லை. சுமார் 15 நிமிடம் ஆகும். அத்தை கொடுத்த தட்டுவடை செட்டுக்கு அது போதாது.

கடைசியாக, கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டில், ஃபைலின் மேல் உள்ள 'ஒளித்து வை' போன்ற குறிகளை மாற்றும் 'அட்ரிப்' கட்டளை. மைனஸ் ஹெச் (ஹிடன்), மைனஸ் ஆர் (ரீட்-ஒன்லி), மைனஸ் எஸ் (சிஸ்டம்) என்று அந்தக் குறிகளை நீக்கியதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. இனி பிரிண்ட்டுக்கு பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார், பார்ப்போம்.