62 சென்ட்டும் 48 சென்ட்டும்

அப்பா காலமானபின் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. சிட்டாவைப் பார்த்த கிராம நிர்வாக அலுவலர், "உங்க தாத்தா பேர்ல இருக்கறது 117/2பி தானுங்களே, 48 சென்ட்?" என்றார். நாங்கள் உழுவது அதே சர்வே எண்ணின் இன்னொரு உட்பிரிவான 2ஏ, 62 சென்ட். தாத்தா 1964-இல் கிரையம் வாங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் நிலம் எங்கள் பெயரிலும் எங்கள் நிலம் அவர் பெயரிலும் மாறிக் கிடந்தன. சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு; ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். 0-19.50 என்றால் எத்தனை சென்ட் என்று அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்று பெருக்கியிருந்தால், எங்களுக்கு 0-25.00 இருக்க வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கும்.

இ-சேவையில் போட்ட மனு ஒற்றை வரியில் தள்ளுபடியானது. அப்புறம் தாலுகா ஆபீஸில் ஒருவர் விளக்கினார்: 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யுடிஆரில், நுழைந்த பிழை இது. மாவட்ட வருவாய் அலுவலரிடம்தான் போக வேண்டும். வெளியே டீக்கடையில் ஓர் இடைத்தரகர் "ரெண்டே மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஒரு கறவை மாடே வாங்கிவிடலாம்.

எந்த சர்வே எண் யாருடையது என்று ஊர்வாரியாக எழுதி வைப்பது 'அ' பதிவேடு. யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல்தான் இதில் உயிர்நாடி. அதற்காக நான்கு முறை நடந்தேன். கடைசியில் பதிவறையில் துணி பைண்டிங் போட்ட அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்கள். ஓரமெல்லாம் அப்பளமாக உதிர்ந்தது. 2ஏ-க்கு நேரே தாத்தா பெயர், அடுத்த வரியில் 2பி-க்கு நேரே பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பெயர். யுடிஆர் பதிவேட்டில் இரண்டும் மேல்கீழாகியிருந்தன. படியெடுத்தவர் ஒரு வரி தவறியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலான வேலை பெரியவர் வீட்டில் காத்திருந்தது. பெரியப்பா முறை. அவர் மகன், "கம்ப்யூட்டர்ல எங்களுக்கு 62-னு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கெணறு யாருதுடா? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார்.

கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, இரண்டு 'அ' பதிவேட்டு நகல்கள், புலப்படம், தாத்தா பெயரில் இருந்த பம்புசெட் மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுத்தேன். தாலுகாவிலிருந்து அறிக்கை போகவே ஐந்து மாதம். விசாரணைக்கு இரு தரப்புக்கும் நோட்டீஸ் வந்தது. பெரியப்பாவை பஸ்ஸில் அழைத்துப் போனேன். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்கள். "எதுக்குங்க? அது அவங்க பூமி" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

உத்தரவு வந்து, அதைக் கணினியில் ஏற்ற மேலும் இரண்டு மாதம். மொத்தம் பதினோரு மாதம். இணையத்தில் சிட்டாவை எடுத்தேன். 2ஏ, 0-25.00. எல்லாம் சரி, தாத்தாவின் தகப்பனார் பெயரில் மட்டும் 'ழ' போய் 'ள' வந்திருந்தது.

எழுத்துப் பிழைக்கு வட்டாட்சியரே போதுமாம். திங்கட்கிழமை போக வேண்டும்.