யார் போட்ட பிரேக்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடி பக்கவாட்டில் ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள். எஃகுச் சட்டகம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மாடல் போட்டு, எஃகுக்கு வழக்கமாக நான் வைக்கும் 2 சதவீத டாம்பிங்கை, அதாவது ஆட்டத்தைத் தணிக்கும் தன்மையைக் கொடுத்து ஓட்டினேன். ஆட்டம் சட்டென்று அடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து என்னவோ உறுத்தியது. வெளியே மூடுபனி, கரண்ட் வேறு வந்து வந்து போனது. டாம்பிங்கைப் பூஜ்யமாக்கி, மாடலில் மாடியை 10 மி.மீ. இழுத்து விட்டேன். உராய்வே இல்லாத ஊஞ்சல், நிற்கவே கூடாது. 5 விநாடியில் 2 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது!

குற்றவாளி நான்தான். போல்ட் இடைவெளியில் இரும்பு மோதும் ஒரு பழைய வேலையின் ஃபைலைக் காப்பியடித்திருந்தேன். அந்த மோதலில் முடுக்கம் கொசகொசவென்று துடிக்கும் என்பதால், ஆட்டத்தைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக, ஸ்டெப் ஸ்டெப்பாகக் கணக்கிடும் நியூமார்க் முறையில் காமா என்ற எண்ணை 0.6 ஆக்கியிருந்தேன். காமா 0.5ஐத் தாண்டினால் கணக்கே ஆற்றலைத் தின்னத் தொடங்கும். எவ்வளவு தின்னும் என்பது ஸ்டெப்பைப் பொறுத்தது. மாடியின் அலைவுக்காலம் 0.5 விநாடி, என் ஸ்டெப் 0.05. அதாவது ஓர் அலைவுக்குப் பத்தே ஸ்டெப். போட்டுப் பார்த்தால் தின்றது சுமார் 3 சதவீத டாம்பிங்குக்குச் சமம். நிஜ டாம்பிங்கைவிடப் பொய் டாம்பிங் அதிகம்!

சரி, காமா 0.5, அதே முறையின் இன்னொரு எண்ணான பீட்டா 0.25 என்று மாற்றினேன். 10 மி.மீ. 10 ஆகவே இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு கூலி உண்டு: அலைவுக்காலம் 3 சதவீதம் நீண்டுவிட்டது. ஸ்டெப்பை 0.01 ஆக்கினால் அதுவும் காணாமல் போகிறது.

துடிப்பை நிஜமாகவே அடக்க வேண்டிய இடத்துக்கு ஹில்பர், ஹியூஸ், டெய்லர் மூவரும் 1977இல் தந்த ஆல்ஃபா முறை இருக்கிறது. சட்டகத்தின் எதிர்விசையை ஸ்டெப்பின் முடிவில் மட்டும் எடுக்காமல், தொடக்கத்திலிருந்தும் கொஞ்சம் கலந்துகொள்ளும். உயர் அதிர்வெண் சாகும், மெதுவான ஆட்டத்தை அவ்வளவாகத் தொடாது. அந்தப் பழைய வேலைக்கே இதைத்தான் வைத்திருக்க வேண்டும், சோம்பேறித்தனம்.

திருத்திய கணக்கில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. சங்கடத்தோடு போய்ச் சொன்னேன். மாடியில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆடுதுன்னு நாங்கதான் மொதல்லயே சொன்னோமே, சார்."