கையில் இருக்கும் போனிலேயே கதை எழுதலாம்

எழுத நேரமே இல்லை என்பவர்களுக்கு: மேசையும் மடிக்கணினியும் அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள், கையிலிருக்கும் போனே போதும். ஜிபோர்ட் என்ற கூகுள் கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். நடந்துகொண்டே ஒரு காட்சியை முழுதாகச் சொல்லி முடிக்கலாம், அதுவும் உரையாடல் என்றால் இது தட்டச்சைவிட நல்லது என்பேன், பாத்திரங்கள் பேசுவது நம் காதிலேயே விழுகிறது இல்லையா. ஒற்றுப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விரலால் எழுதும்போது, கூகுள் டாக்ஸில் கோப்பை ஆஃப்லைனுக்கு மாற்றிவிட்டு ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் வராத பத்து நிமிடம் உண்மையிலேயே பெரிய நேரம்! இணையம் வந்ததும் அதே கோப்பு கணினியிலும் இருக்கும், நீளமான திருத்தத்தை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், சின்னத் திரையில் ஒரு அத்தியாயத்தின் போக்கு முழுதாகப் பிடிபடாது.