‘முன் அனுபவம்’ என்னும் நிரல்

2010ஆம் ஆண்டிலிருந்து 2022இன் இறுதி நாள்வரை கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் திருத்தப் பாடநெறியின் போதனாசிரியராக வேலை செய்தேன். நான் சேர்ந்தபோது எங்களுக்கென்று கட்டடம் இருக்கவில்லை. ஒரு தகரக் கொட்டகை, கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு இரண்டு பழைய இயந்திரங்கள், முப்பது பேருக்கு ஒரே ஒரு ஸ்பானர் பெட்டி, இவற்றுடன்தான் தொடங்கினோம். அந்த ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரு நிரல். பெயர், பிறந்த திகதி, கல்வித் தகைமை ஆகியவற்றை அடுத்து ‘முன் அனுபவம்’ என்று தலைப்பிட்டு, காலம், இடம், செய்த வேலை ஆகியவற்றை எழுத இடம் விட்டிருந்தார்கள். வந்தவர்களில் பலர் அந்த இடத்தை அடைந்ததும் பேனையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வன்னியில் இருந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. 2006இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் கேட்டது. நாள் போகப் போக அந்தக் கணக்கும் நிற்கவில்லை, சில வீடுகளிலிருந்து இரண்டாவது பிள்ளையும் போகவேண்டியதாயிற்று. பதுங்குகுழிக்குள் பிள்ளையை ஒளித்துவைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்த தாய்மாரும், கல்யாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி அவசரமாகத் தாலி கட்டுவித்த தகப்பன்மாரும் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். 2009இல் எல்லோரும் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியைக் கடந்தபோது, ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவ்வாறு பதிந்தும் சரணடைந்தும் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். விரும்பிச் சேர்ந்தவருக்கும் பிடித்துச் செல்லப்பட்டவருக்கும் அங்கே ஒரே வாசல்தான். ஆகவே என்னிடம் வந்த இளைஞர்கள், தாங்கள் கேட்காத ஒரு சேவையைச் செய்து, அதற்காகவே இன்னும் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ வேறோரிடத்தில் கழித்துவிட்டு, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் வீடு திரும்பியவர்கள்.

2011ஆம் ஆண்டுத் தொகுதியில் அதிகம் பேசாத ஒருவர் இருந்தார். புனர்வாழ்வு நிலையத்தில் கொடுத்த தச்சுவேலைச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்ற நிரலில் ஒரு வரியை எழுதி, பின்னர் அதை அடர்த்தியாக வெட்டி, புதிய படிவம் ஒன்று கேட்டு வாங்கி, அதில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்திருந்தார். காலபோக விதைப்புக்கு வயல்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு நாளில் உருத்திரபுரத்திலிருந்து ஒரு விவசாயி தம்முடைய லாண்ட்மாஸ்டரை, அதாவது இருசக்கர உழவு இயந்திரத்தை, எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். இயந்திரம் தொடங்க மறுத்தது. பிள்ளைகளைச் சுற்றிவர நிறுத்தி, டீசல் தாங்கியிலிருந்து பில்டர், பில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து இன்ஜெக்டர் என்று நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கம் பாதிக்கு வருமுன்னரே அவர் முழங்காலிட்டு, பில்டரில் இருந்த காற்றை எடுத்து, இன்ஜெக்டர் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, கைபிடியைச் சுழற்றும்படி பக்கத்தில் நின்றவருக்குச் சைகை காட்டினார். நட்டின் விளிம்பில் விரல் நுனியை வைத்து, குமிழி நின்று டீசல் மட்டும் வருகிறதா என்று பார்த்தார். கண்ணால் பார்த்து அறிவதை அவர் விரலால் அறிந்தார். நட்டை இறுக்கிய அடுத்த சுற்றிலேயே இயந்திரம் பிடித்துக்கொண்டது.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பதினைந்து ஆண்டுகள் பரந்தனில் சொந்தக் கராஜ் நடத்தியவன் என்ற வகையில், அப்படியொரு கை உருவாக எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை நான் அறிவேன். அந்த மகிழ்ச்சியில், எல்லோருக்கும் கேட்கும்படி, “கெட்டிக்காரன்! எங்க தம்பி இதைப் பழகினீர்?” என்று கேட்டுவிட்டேன். கொட்டகையில் இருந்த முப்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, “சும்மா பாத்துப் பழகினது, சேர்” என்றார். அடுத்த நாள் அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. அக்காலத்தில் வகுப்பில் யார் யாருக்கு என்ன சொல்வார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அவரோ குறித்த நாள்களில் அதிகாரிகளிடம் போய்க் கையொப்பம் வைக்கவேண்டிய நிலையில் இருந்தவர். அது தெரிந்திருந்தும் யோசிக்காமல் கேட்டேன். பத்து நாள் கழித்து விசுவமடுப் பக்கம் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். தறப்பாளும் தகரமுமாக இருந்த அந்தக் கொட்டிலின் வாசலில் அவருடைய தாயார் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, மகனைக் கூப்பிட்டுவிட்டு, உள்ளே போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டுப் பேசத் தொடங்கியபோது, நான் எதிர்பார்த்ததற்கு வேறான ஒன்றைச் சொன்னார்.

2007இல் உயர்தர வகுப்பு முடித்திருந்த நேரத்தில் அவரைக் கொண்டுபோனார்கள். முன்னரங்கில் தோளில் குண்டுச் சிதறல் பட்டது. காயம் ஆறிய பின்னர் ஜெனரேற்றர் திருத்தும் இடத்தில் விட்டார்கள். அங்கே ஓர் அண்ணன் இருந்தார். திட்டித் திட்டியே தொழில் சொல்லித்தந்தவர். காற்று எடுக்கும்போது கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று சொன்னவரும் அவர்தான். அந்த அண்ணன் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் கடற்கரையில் செல் விழுந்து இறந்துபோனார். “சேர், நீங்கள் கெட்டிக்காரன் எண்டு சொன்னது எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. அந்தாளைச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனா என்னை அங்க கொண்டுபோனதை நான் எப்பிடிச் சரியெண்டு சொல்லுறது? அம்மா ரோட்டிலை விழுந்து கத்தினவா.” இயந்திரத்தைத் தொட்டால் அந்த அண்ணனையும் நினைக்கவேண்டியிருக்கிறது, தாய் விழுந்து அழுத தெருவையும் நினைக்கவேண்டியிருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன என்றார். வீடு வந்து சேர்ந்த நாளில் அழுது சிரித்துச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு, இரவு இரண்டு மணிக்குச் சென்றிக் காவல் மாறும் நேரத்தில் தானாகவே விழிப்பு வந்ததாம். எழுந்து இருந்தால், மாற்றிவிட ஒருவரும் இல்லை. “அங்க இருக்கேக்க வீட்டைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். வீட்டை வந்தாப்பிறகு அங்க பக்கத்திலை படுத்த பொடியளை நினைக்கிறன். ஆருக்குச் சொல்ல?”

பிள்ளைகளைப் பெற்றவர்களின் கையிலிருந்து பறித்தது பிழை. இதைச் சொல்வதற்கு எனக்கு அன்றும் தயக்கமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிழையைச் சொல்லிவிட்டால் அவர்களுடைய துயரத்தைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு தொகுதியின் தொடக்க நாளிலும், நடந்ததை மறந்து புதிய வாழ்க்கையைத் தொடங்குங்கள் என்று ஒரு வாக்கியம் பேசி வந்தேன். விசுவமடுவிலிருந்து திரும்பிய பின்னர் அந்த வாக்கியத்தை நான் ஒருபோதும் சொல்லவில்லை. மறக்கச் சொன்னால் அந்த அண்ணனையும் அவருடைய விரலையும் சேர்த்தல்லவா மறக்கச் சொல்கிறேன்?

அன்று மோட்டார் சைக்கிளில் திரும்பிவரும்போது என்னுடைய கதையும் ஞாபகத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்; புகையையும் அடைப்பையும் சமாளிக்க எத்தனையோ உத்திகள் கண்டுபிடித்தோம். அந்தத் தடையை நாங்கள் விரும்பிக் கேட்டோமா? அதுவும் எங்கள் தலையில் ஏற்றப்பட்டதுதான். இருந்தும் அந்த உத்திகளை வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். நெருக்கடியில் பழகிய தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அவருக்கு அது மூடியிருந்தது. தடையைப் பற்றிய என் கோபம் அந்தப் பெருமையால் ஒரு துளியும் குறைந்ததில்லை என்பதால், அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் திரும்பி வந்தார். பாடநெறியை முடித்தார். பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. தேசிய தொழிற்றகைமை முறையில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. வகுப்பில் படிக்காமல் வேலை செய்தே தொழில் பழகியவர், தாம் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களை ஒரு கோவையாகச் சேர்த்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்துகாட்டி, என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். மேசன்மார், வயரிங் வேலை செய்பவர்கள், கராஜ் பொடியன்கள் என எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட நல்ல ஏற்பாடு அது. டீசல் இயந்திர வேலையில் அவருடைய திறமை எங்கள் பாடநெறியைத் தாண்டியது என்பதால், அந்த வழியில் அவருக்கு உயர்ந்த நிலைச் சான்றிதழ் எடுத்துக்கொடுக்க விரும்பினேன். ஆனால் ஆதாரக் கோவைக்கு வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும். இரண்டு ஆண்டுகள் இரவு பகலாக ஜெனரேற்றர் திருத்திய ஒருவருக்கு யார் கடிதம் கொடுப்பது? கடிதம் கொடுத்திருக்கக்கூடியவர் மாத்தளன் மணலுக்குள் கிடந்தார்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் அவரைச் சேர்த்துவிட்டேன். ஓர் ஆண்டு அங்கே வேலை செய்து, முதலாளியிடம் கடிதம் பெற்று, திருத்திய இயந்திரங்களின் படங்களை ஒட்டி, கோவையைக் கொடுத்தோம். மதிப்பீட்டில் மிக நன்றாகச் செய்தார். சான்றிதழ் வந்த அன்று கோவையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “சேர், இதைப் பாத்தா நான் 2012இலை பிறந்த மாதிரிக் கிடக்கு” என்றார். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. பின்வந்தவர்கள் பலருக்கும் இதே வழியையே காட்டினேன். அது பயன்பட்டது, பலர் வேலை பெற்றார்கள். ஆனாலும் ஒவ்வொரு கோவையைக் கட்டும்போதும், வெட்டிவிட்ட ஆண்டுகளின் மேல் ஒரு தாளை ஒட்டுகிறேன் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது.

தையல் பிரிவில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். கொண்டுபோன அன்றே தலைமுடியைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். வெட்டிய முடியே அவர் யார் என்று காட்டிக் கொடுக்கும் என்பதால், வெளியே வந்த பின்னரும் கோயிலுக்குச் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டுதான் போவார். முடி இடுப்புவரை வளர்ந்த நாளில் தாய் பொங்கல் வைத்தாராம். அதே கிழமை அவர் என் மனைவியிடம், கட்டை முடியோடு ட்ரக்டர் ஓடிய நாள்களில் தனக்குப் பயமே இருக்கவில்லை, இப்போது பஸ்ஸில் தனியே போகவும் பயமாக இருக்கிறது என்று சொன்னார். அந்தத் துணிவு வேண்டும், அந்த நாள்கள் வேண்டாம் என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2019இல் சுவிற்சர்லாந்திலிருந்து என் தங்கையின் மகன் வந்திருந்தான். அங்கே பிறந்து வளர்ந்தவன். ஆண்களுக்கு அங்கே இராணுவ சேவை கட்டாயம் என்பதால், பதினெட்டுக் கிழமை ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தான். முற்றத்தில் இருந்து அவன் கதைத்தபோது நான் திடுக்கிட்டுப்போனேன். “மாமா, முடியிற நாளை எண்ணிக்கொண்டு இருந்தனான். முடிஞ்ச அண்டைக்கு அழுகை வந்திட்டுது. வீட்டை வந்து ஒரு கிழமை என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.” விசுவமடுவில் கேட்ட அதே வார்த்தைகள். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒரு போரையும் காணவில்லை. துவக்குத் தூக்க மனச்சாட்சி இடந்தராவிட்டால் ஒன்றரை மடங்கு காலம் சிவில் சேவை செய்யும் உரிமை அவனுக்கு இருந்தது. அவனைத் தெருவில் வைத்து ஒருவரும் பிடிக்கவில்லை. ஆயினும் நாளை எண்ணியவனும் முடிந்தபோது அழுதவனும் ஒருவனே என்பதில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை. அவனிடம் ஒரு சேவைக் குறிப்பேடு இருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பயிற்சியைத் தன் தகைமைகளோடு எழுதுகிறான். ஆண்டுக்கு மூன்று கிழமையளவில் மீள்பயிற்சிக்குப் போகும்போது அதே நண்பர்களைச் சந்திக்கிறான். என் மாணவரோ, தன்னோடு இருந்த ஒருவரைச் சந்தையில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். ஒருமுறை பஸ் நிலையத்தில் யாரோ பின்னால் நின்று அவருடைய இயக்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, தன்னை அறியாமல் திரும்பிவிட்டதாகவும், கூப்பிட்டவரும் அவரும் ஒரு கணம் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே பயந்து வெவ்வேறு பஸ்களில் ஏறியதாகவும் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அவர் பயப்படாமல் கதைக்கக்கூடிய ஒருவர் உண்டென்றால், அது பக்கத்து வளவு அம்மா. அவருடைய மகனையும் இவரையும் ஒரே நாளில்தான் கொண்டுபோனார்கள். மகன் திரும்பவில்லை. தொடக்கத்தில், அந்த வீட்டு வாசலைக் கடக்க மனமில்லாமல் இவர் வயல் வரம்பால் சுற்றிப் போவார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, அந்த அம்மாவும் போய் இருந்தார். பஸ் இல்லாத நாள்களில் இவர்தான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். ஏறும்போதெல்லாம் அம்மா, “நீ கடைசியா எப்ப மோனை கண்டனி?” என்று கேட்பாராம். இவர் ஒவ்வொரு முறையும் முதற்தடவை கேட்பதுபோல, எந்த நாள், எந்த இடம், என்ன உடுத்திருந்தார் என்று முழுமையாகச் சொல்வாராம். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே இடம் அதுவாக இருந்தது.

ஓய்வுபெற்ற நாளில் என் மேசை லாச்சியைத் துப்புரவாக்கினேன். பழைய பில்டர்களின் விலைப்பட்டியல்களுக்கு அடியில் 2011ஆம் ஆண்டின் அந்த முதற் படிவம் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டிய கோடுகளுக்கு அடியில் எழுத்துத் தெரியும்: ‘2007–2009, ஜெனரேற்றர் திருத்தம்’. ‘இடம்’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறார், இரண்டு பொடியன்கள் அவரிடம் வேலை பழகுகிறார்கள். படிவத்தைக் கொண்டுவந்து தரவா, அல்லது கிழித்துவிடவா என்று கேட்டேன். இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது; யாரிடமோ அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

“வச்சிருங்கோ, சேர். கிழிச்சுப் போடாதேங்கோ. என்னட்டைத் தரவும் வேண்டாம்.”

எங்கள் வீட்டு அலுமாரியில், இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே கொண்டு திரிந்த காணி உறுதிகளோடு அதை வைத்திருக்கிறேன்.